ஒரு கப் சீஸ் எத்தனை கிராம்?

தங்கையின் பிறந்தநாளுக்கு நான் முதன்முதலாகச் செய்த சீஸ்கேக்கில், போட வேண்டிய சீஸில் பாதிதான் இருந்தது. செய்யும்போது அது எனக்குத் தெரியாது. குறிப்பில் '4 கப் கிரீம் சீஸ்' என்று இருந்தது. பாக்கெட்டில் இருப்பதோ கிராம் கணக்கு. ஒரு மாற்று அட்டவணையில் 'சீஸ், 1 கப், 113 கிராம்' என்று போட்டிருந்ததைப் பார்த்து நாலால் பெருக்கினேன். 452 வந்தது. அதை எடைபோட்டு எடுத்துக்கொண்டேன். முட்டை, சர்க்கரை எல்லாம் குறிப்பில் சொன்ன முழு அளவு.

ஓவனிலிருந்து வெளியே எடுத்தபோது கேக் அச்சில் பாதி உயரத்துக்குத்தான் இருந்தது. நடுவில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல். ஆறவைத்து வெட்டிச் சாப்பிட்டுப் பார்த்தால் சீஸின் புளிப்பும் இல்லை, கனமும் இல்லை. தித்திப்பான முட்டைக் கஸ்டர்டு மாதிரி இருந்தது. "நல்லாத்தான் இருக்குக்கா" என்று தங்கை ஒரு துண்டை முழுசாகச் சாப்பிட்டாள். இரண்டாவது துண்டு கேட்கவில்லை.

இரண்டு நாள் ஓவன் சூட்டைச் சந்தேகப்பட்டேன். அப்புறம் முட்டையின் அளவை. மூன்றாவது நாள்தான் அந்த 113 எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். செடார் போன்ற கெட்டி சீஸைத் துருவினால், 4 அவுன்ஸ் துருவல் ஏறக்குறைய ஒரு கப்பை நிரப்பும். 4 அவுன்ஸ் என்பது 113 கிராம். அட்டவணை போட்டவர் துருவிய சீஸின் கணக்கை 'சீஸ்' என்ற ஒற்றைச் சொல்லுக்கு நேரே எழுதிவிட்டார். துருவல் நிரம்பிய கப்பில் பாதி இடம் காற்று. கிரீம் சீஸை அழுத்தி நிரப்பிய கப்பில் காற்றுக்கு இடமே இல்லை. அமெரிக்க வேளாண்மைத் துறையின் உணவுச் சத்து அட்டவணையில் 1 கப் கிரீம் சீஸ் 232 கிராம். சமையல் குறிப்புகளில் அதையே 8 அவுன்ஸ், அதாவது 227 கிராம் என்று வைத்துக்கொள்கிறார்கள். எனக்குத் தேவைப்பட்டது 900 கிராமுக்கு மேல்.

அன்றிலிருந்து மென்மையான சீஸ் எதைப் பார்த்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, 'இது என்ன சீஸ்?' என்பது இல்லை. 'இந்தக் கப்பில் சீஸைத் தவிர என்ன இருக்கிறது?' என்பதுதான். காற்று இருக்கலாம், தண்ணீர் இருக்கலாம். இந்த இரண்டும்தான் கிராம் கணக்கை ஏற்றி இறக்குகின்றன. சீஸின் பெயர் அவ்வளவாக ஏற்றி இறக்குவதில்லை.

இதற்குக் காரணம் எளிமையானது. மென்மையான சீஸ் என்பது தண்ணீர், கொழுப்பு, புரதம் இவற்றின் கலவை. தண்ணீர் ஒரு மி.லி.க்கு ஒரு கிராம். பால் கொழுப்பு அதைவிடக் கொஞ்சம் லேசு, 0.92 அளவில். புரதம் தண்ணீரைவிடக் கனம். இவை ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்வதால் மொத்தம் ஒன்றை ஒட்டியே வந்து நிற்கிறது. கிரீம் சீஸில் கொழுப்பு அதிகம் (அமெரிக்க விதிப்படி குறைந்தது 33 சதவீதம் பால் கொழுப்பு இருக்க வேண்டும்), அதனால் ஒன்றுக்குச் சற்றுக் கீழே. மஸ்கார்போனேயில் கொழுப்பு அதைவிடவும் அதிகம். ஒரு கப் 227 கிராம் என்று வைத்துக்கொண்டால் தவறு வராது. ரிக்கோட்டாவில் கொழுப்பு குறைவு, புரதம் அதிகம். முழுப்பால் ரிக்கோட்டா ஒரு கப் 246 கிராம். மூன்றுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் 20 கிராம்தான். ஆகவே அடைத்து, தலைதட்டி அளக்கும் மென்மையான சீஸுக்கு, கப் எத்தனை மி.லி. பிடிக்கிறதோ ஏறக்குறைய அத்தனை கிராம். அட்டவணை கையில் இல்லாத நேரத்தில் இந்த ஒரு கணக்கு போதும்.

ஆனால் 'அடைத்து, தலைதட்டி' என்ற நிபந்தனையை விட்டுவிடக் கூடாது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கெட்டியான கிரீம் சீஸைத் துண்டு துண்டாக ஒரு கப்பில் போட்டு, மேலே சமமாக்கி எடைபோட்டுப் பார்த்தேன்: 181 கிராம். அதே சீஸை அரை மணி நேரம் வெளியே வைத்து இளக விட்டு, கரண்டியின் பின்பக்கத்தால் அழுத்தி, கத்தியின் முதுகால் வழித்துவிட்டு எடைபோட்டேன்: 233 கிராம். கப் அதே கப், சீஸும் அதே சீஸ். 50 கிராமுக்கு மேல் வித்தியாசம். வெளியே பார்க்க இரண்டு கப்பும் நிரம்பித்தான் இருந்தன.

பிரீ சீஸில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். வேளாண்மைத் துறையின் அதே அட்டவணையில் பிரீக்கு இரண்டு எண்கள் உண்டு. துண்டு போட்டது ஒரு கப் 144 கிராம். உருக்கியது ஒரு கப் 240 கிராம். உருகியதும் இடைவெளிகள் மூடிக்கொள்கின்றன, அவ்வளவுதான். உதிர்த்த ஃபெட்டா ஒரு கப் 150 கிராம். ஃபெட்டாவைக் கட்டியாக ஒரு கன அங்குலம் வெட்டினால் 17 கிராம்; ஒரு கன அங்குலம் என்பது 16.4 மி.லி. கட்டியாக இருக்கும்போது அது தண்ணீரைவிடச் சற்றுக் கனம். உதிர்த்ததும் கப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காற்று புகுந்துகொள்கிறது. காட்டேஜ் சீஸில் வித்தியாசம் சிறியது: பெரிய கட்டிகளாக இருப்பது அழுத்தாமல் ஒரு கப் 210 கிராம், சிறிய கட்டிகளாக இருப்பது 225. ஒரு கப், இரண்டு கப் அளவில் இதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.

கவலைப்பட வேண்டியது டப்பாவில் வரும் 'விப்ட்' கிரீம் சீஸைப் பற்றி. அதை அடித்து நுரைக்கவைத்து, காற்றைச் சேர்த்துத்தான் விற்கிறார்கள். ரொட்டியில் தடவச் சுகமாக இருக்கும். ஒருமுறை கேரட் கேக்கின் மேல் பூச ஃபிராஸ்டிங் செய்தேன். 1 கப் கிரீம் சீஸ், அரை கப் வெண்ணெய், ஐசிங் சர்க்கரை. கட்டி கிரீம் சீஸ் கிடைக்காததால் விப்ட் டப்பாவை வாங்கி, சரியாக ஒரு கப் தலைதட்டி அளந்து போட்டேன். சர்க்கரை சேர்த்து அடிக்க அடிக்க, உள்ளே இருந்த காற்று வெளியேறி அளவு சுருங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் கிடைத்தது பல் கூசும் இனிப்பு. விப்ட் வகையில் ஒரு டேபிள்ஸ்பூன் 10 கிராம்தான். கட்டி வகையில் 14.5. ஒரு கப்புக்கு 227 தேவைப்பட்ட இடத்தில் நான் போட்டது 160. கப்பை எவ்வளவு கவனமாக நிரப்பியிருந்தாலும் அந்த 67 கிராம் வந்திருக்காது. எடைபோட்டிருந்தால் டப்பாவிலிருந்து இன்னும் கொஞ்சம் எடுத்திருப்பேன்.

அந்த ஃபிராஸ்டிங்கைச் சரிசெய்ய வழி தேடியபோதுதான் ஒரு நல்ல விஷயம் கண்ணில் பட்டது. டப்பாவின் பின்னால் இருக்கும் சத்து விவரப் பட்டியலில் ஒருவேளைக்கான அளவு என்று ஒரு வரி இருக்கும். அமெரிக்க முறைப்படி அச்சிட்ட டப்பாவாக இருந்தால் அதில் ஸ்பூனும் கிராமும் சேர்ந்தே வரும்: '2 டேபிள்ஸ்பூன், 20 கிராம்' என்பது போல. ஒரு கப்புக்கு 16 டேபிள்ஸ்பூன். ஆகவே 20-ஐ எட்டால் பெருக்கினால் 160 கிராம். ரிக்கோட்டா டப்பாவில் 'கால் கப், 62 கிராம்' என்று இருந்தது. நாலால் பெருக்கினால் 248. நம் கையில் இருக்கும் அதே டப்பாவுக்கான எண் இது. வேறு எங்கோ வேறு யாரோ வேறு சீஸை வைத்துப் போட்ட அட்டவணையைவிட எனக்கு இதில்தான் நம்பிக்கை. இந்தப் பட்டியலில் கப் என்றால் 240 மி.லி., டேபிள்ஸ்பூன் என்றால் 15 மி.லி. என்று விதியே இருக்கிறது. எல்லா நாட்டுப் பாக்கெட்டிலும் ஸ்பூன் கணக்கு இருக்காது. 100 கிராமுக்கான விவரம் மட்டும் இருந்தால் இந்த வழி உதவாது.

சரி, கப் என்றால் எந்தக் கப்?

இதை நான் மிகவும் தாமதமாகத்தான் கேட்டேன். அமெரிக்கச் சமையல் கப் 236.6 மி.லி. சத்துப் பட்டியலின் கப் மேலே சொன்ன 240. ஆஸ்திரேலியக் குறிப்புகளில் 250. ஜப்பானியக் குறிப்புகளில் 200. பழைய பிரிட்டிஷ் குறிப்புகளில் அரை பைன்ட், 284 மி.லி. டேபிள்ஸ்பூன் பெரும்பாலான இடங்களில் 15 மி.லி., ஆஸ்திரேலியாவில் மட்டும் 20. ஒரு ஆஸ்திரேலியக் குறிப்பில் '4 டேபிள்ஸ்பூன் மஸ்கார்போனே' என்று இருந்தால் அது 80 மி.லி.; 15 மி.லி. ஸ்பூனால் அளந்தால் 60-தான் வரும். கால் பங்கு குறைந்துவிடும். குறிப்பு எந்த நாட்டில் எழுதப்பட்டது என்று பார்க்காமல் நான் இப்போது கப்பைத் தொடுவதில்லை.

நம் வீட்டுக் கப்பே எத்தனை பிடிக்கும் என்பது இன்னொரு கேள்வி. வெறும் கப்பைத் தராசில் வைத்து, பூஜ்யமாக்கி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். எத்தனை கிராம் காட்டுகிறதோ அத்தனை மி.லி. என்னிடம் மூன்று அளவுக் கப்புகள் இருந்தன. ஒன்று 250, ஒன்று 238. 'ஒரு கப்' என்று அடியில் பொறித்திருந்த பிளாஸ்டிக் கப் 228-தான் பிடித்தது. மூன்றையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தி, ஒவ்வொரு முறையும் ஏன் ஒரே மாதிரி வரவில்லை என்று குழம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். இப்போது ஒவ்வொன்றின் அடியிலும் அழியாத மையால் அதன் மி.லி.யை எழுதி வைத்திருக்கிறேன்.

அவுன்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. எடை அவுன்ஸ் 28.35 கிராம். திரவ அவுன்ஸ் என்பது கொள்ளளவு. அமெரிக்கக் கணக்கில் 29.57 மி.லி. கிரீம் சீஸைப் பொறுத்தவரை இரண்டும் நெருங்கி வருவதால் '8 அவுன்ஸ்' எதைக் குறித்தாலும் பெரிய பிசகு இல்லை. உதிர்த்த ஃபெட்டாவில் அப்படி விட முடியாது. 8 அவுன்ஸ் எடை என்றால் 227 கிராம், அதாவது உதிர்த்த பிறகு ஒன்றரை கப். திரவக் கோடு போட்ட ஜக்கில் 8 என்ற கோடு வரை உதிர்த்து நிரப்பினால் 150 கிராம்தான் இருக்கும்.

இனி தண்ணீர். காற்று கப்பை ஏமாற்றும் என்றால், தண்ணீர் தராசையே ஏமாற்றும். இதனால்தான் 'எல்லாவற்றையும் எடைபோட்டுவிட்டால் போதும்' என்று யாராவது சொன்னால் நான் முழுதாகத் தலையாட்டுவதில்லை. லசான்யாவுக்கு 500 கிராம் ரிக்கோட்டா என்று ஒரு குறிப்பில் இருந்தது. டப்பாவைத் திறந்து கவிழ்த்து, சரியாக 500 எடைபோட்டுப் பரப்பினேன். வெந்து வந்தபோது தட்டின் அடியில் தண்ணீர் குளமாக நின்றது. அடுத்த முறை அதே ரிக்கோட்டாவை மஸ்லின் துணி விரித்த வடிகட்டியில் போட்டு, இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்தேன். காலையில் 500 கிராமில் 425 மிச்சம். கீழே கிண்ணத்தில் 70 கிராமுக்கு மேல் மஞ்சள் கலந்த தண்ணீர். ஏழில் ஒரு பங்கு சீஸே இல்லை. எல்லா ரிக்கோட்டாவும் இப்படி வடியாது. சில டப்பாக்கள் நன்றாக வடிந்தே வரும், சிலவற்றில் திறந்ததும் மேலே தண்ணீர் தெரியும்.

ஆகவே எடைபோடுவது வடிப்பதற்கு முன்பா, பின்பா என்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. குறிப்பில் சொற்கள் இருக்கும் வரிசையை வைத்து நான் முடிவு செய்கிறேன். 'வடித்த ரிக்கோட்டா 500 கிராம்' என்றால் வடித்த பிறகு 500 இருக்க வேண்டும். வாங்கும்போதே கூடுதலாக வாங்க வேண்டும். 'ரிக்கோட்டா 500 கிராம், வடிக்கவும்' என்றால் முதலில் 500 எடைபோட்டு அப்புறம் வடிப்பது. ஃபெட்டாவுக்கும் இதே கதை. 'உதிர்த்த ஃபெட்டா 1 கப்' என்பது 150 கிராம். 'ஃபெட்டா 1 கப், உதிர்க்கவும்' என்று எழுதியவர் மனதில் என்ன இருந்தது என்று சொல்வது கடினம். அங்கேயும் 150-ல் தொடங்கி, ருசி பார்த்துக் கூட்டுகிறேன். உப்பான சீஸ் என்பதால் குறைவாகத் தொடங்குவது நல்லது. உப்பு நீரில் வரும் கட்டியாக இருந்தால், நீரை ஒத்தி எடுத்துவிட்டுத்தான் தராசில் வைக்க வேண்டும்.

எடைபோடும் முறையிலும் நான் ஒன்று மாற்றிக்கொண்டேன். முன்பெல்லாம் சீஸைக் கப்பில் அள்ளி, கப்பிலிருந்து கிண்ணத்துக்கு வழித்துப் போடுவேன். கப்பின் சுவரிலேயே ஒரு ஸ்பூன் அளவு ஒட்டிக்கொண்டிருக்கும். இப்போது டப்பாவையே தராசில் வைத்து பூஜ்யமாக்குகிறேன். அப்புறம் ஸ்பூனால் எடுத்து நேராகக் கிண்ணத்தில் போடப் போட, தராசு கழித்தல் குறியோடு எடுத்த அளவைக் காட்டும். மைனஸ் 227 வரும்போது நிறுத்திவிடலாம். கழுவ வேண்டிய கப்பும் இல்லை, ஒட்டி வீணாவதும் இல்லை. சீஸ் சில்லென்று கெட்டியாக இருந்தாலும் எடை மாறாது என்பதால், முதலில் எடைபோட்டுவிட்டு அப்புறம் இளக விடலாம். கப்பில் அளப்பதென்றால் இளகும் வரை காத்திருந்தே ஆக வேண்டும்.

ஒரே ஒரு இடத்தில் ஸ்பூன்தான் நல்லது. சாஸில் ஒரு டேபிள்ஸ்பூன், சூப்பில் இரண்டு டீஸ்பூன் என்று வரும்போது. சாதாரணச் சமையலறைத் தராசு ஒவ்வொரு கிராமாகத்தான் நகரும். ஐந்து கிராம் அளக்கும்போது ஒரு கிராம் பிசகினாலே ஐந்தில் ஒரு பங்கு. தலைதட்டிய டீஸ்பூன் அங்கே போதுமானது. ஒரு டேபிள்ஸ்பூன் கிரீம் சீஸை 15 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். டீஸ்பூன் அதில் மூன்றில் ஒன்று, 5 கிராம்.

பாக்கெட் கணக்கில் எழுதிய குறிப்புகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவை கப்பைவிட ஆபத்தானவை. 'கிரீம் சீஸ் 4 பாக்கெட்' என்று ஓர் அமெரிக்கக் குறிப்பில் இருந்தால் அது 227 கிராம் பாக்கெட். மொத்தம் 908 கிராம். உங்கள் கையில் இருப்பது 200 கிராம் பாக்கெட் என்றால் நாலு போட்டாலும் 800-தான். அரைப் பாக்கெட்டுக்கு மேல் குறைகிறது. ஒன்று ஐந்தாவது பாக்கெட்டைப் பிரித்து 108 கிராம் சேர்க்க வேண்டும், அல்லது முட்டை, சர்க்கரை எல்லாவற்றையும் அதே விகிதத்தில், 100-க்கு 88 என்று குறைக்க வேண்டும். முட்டையை 88 சதவீதமாக்குவது தொல்லை. நான் ஐந்தாவது பாக்கெட்டைப் பிரித்துவிடுவேன். மிச்சம் ரொட்டிக்கு ஆகும்.

எந்தக் குறிப்பாக இருந்தாலும் இப்போது ஒருமுறைதான் மாற்றுகிறேன். முதல் தடவை செய்யும்போதே கப்புக்குப் பக்கத்தில் பென்சிலால் கிராமை எழுதிவிடுவேன். சாப்பிட்டுப் பார்த்த பிறகு அந்த எண்ணைத் திருத்துவேன். அடுத்த முறை கப்பைத் திரும்பிப் பார்ப்பதில்லை. கப்பிலிருந்து அவுன்ஸ், அவுன்ஸிலிருந்து கிராம், அதை மறுபடி பாதியாக்கி ஸ்பூன் என்று மாற்றிக்கொண்டே போனால், ஒவ்வொரு படியிலும் முழு எண்ணாக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துவிடும். அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன்: கிரீம் சீஸ் 230, மஸ்கார்போனே 227, ரிக்கோட்டா 246, காட்டேஜ் 210 முதல் 225, உதிர்த்த ஃபெட்டா 150, விப்ட் 160. எல்லாம் 236.6 மி.லி. கப்புக்கு. ரிக்கோட்டாவுக்கு எதிரே மட்டும் 'தண்ணீர் பார்' என்று எழுதியிருக்கிறேன்.

அடுத்த பிறந்தநாளுக்கு அதே சீஸ்கேக்கை 908 கிராம் போட்டுச் செய்தேன். அச்சின் விளிம்பு வரை எழும்பி நின்றது. தங்கை இரண்டு துண்டு சாப்பிட்டு, மூன்றாவதைக் கட்டி எடுத்துக்கொண்டு போனாள்.

போன மாதம் அவள் கூப்பிட்டாள். "அக்கா, அரை கப் கிரீம் சீஸ் வேணும். வீட்டுல தராசு இல்ல, அளவுக் கப்பும் இல்ல. என்ன பண்றது?" பாக்கெட்டில் எடை என்ன போட்டிருக்கிறது என்று கேட்டேன். 200 கிராம் என்றாள். "ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த உடனே, கெட்டியா இருக்கும்போதே வெட்டு. முதல்ல பாதி, அதுல பாதி, மறுபடி பாதி. எட்டுத் துண்டு வரும். ஒண்ணு 25 கிராம். உனக்கு வேண்டியது 113. நாலு துண்டு எடுத்துக்கோ, அஞ்சாவதுல பாதி." கத்தி பலகையில் படும் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு என்று அவள் எண்ணிக்கொண்டிருந்தாள்.